ஈமானும் இஹ்ஸானும்: நம் முன்னோர் பிரிக்காத இரு கல்விகள்

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பிக்கின்றோம்.

  

இன்று எமது வீடுகள் சிலவற்றில் ஒரு பிணக்கு நுழைந்துள்ளது. தந்தை ராத்திபு மஜ்லிஸுக்குச் செல்கின்றார். மகன் அதனை பித்அத் என்கின்றான். மகன் அகீதா வகுப்புக்குச் செல்கின்றான். தந்தை அவனை அவ்லியாக்களின் விரோதி என்கின்றார். இருவருக்கும் நடுவே தாய் கண்கலங்கி நிற்கின்றாள். அகீதா என்னும் கொள்கைக் கல்வியும், தஸவ்வுப் என்னும் உளத்தூய்மைக் கல்வியும் பிறவிப் பகைமை கொண்டவை என்று தந்தையும் நினைக்கின்றார், மகனும் நினைக்கின்றான். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மூன்று கேள்விகள், ஒரே மார்க்கம்

ஸஹீஹ் முஸ்லிமில் உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற ஹதீஸை நீங்கள் அறிவீர்கள். வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து நபியவர்களின் முன்னிலையில் அமர்ந்து, முதலில் இஸ்லாம் எதுவென வினவினார்கள். பின்னர் ஈமான் எதுவென வினவினார்கள். அதன் பின்னர் இஹ்ஸான் எதுவென வினவினார்கள். அவர்கள் சென்றபின், வந்தவர் உங்கள் மார்க்கத்தை உங்களுக்குக் கற்பிக்க வந்தவர் என்ற கருத்தில் நபியவர்கள் தோழர்களுக்கு விளக்கினார்கள்.

பிற்காலத்தில் கல்வி விரிந்தபோது, உலமாக்கள் இம்மூன்றுக்கும் தனித்தனித் துறைகளை வகுத்தனர். இஸ்லாம் எனப்பட்ட வெளிச்செயல்களைப் பற்றியது பிக்ஹு ஆயிற்று. ஈமானைப் பற்றியது அகீதா ஆயிற்று. அதனை ஆதாரங்களுடன் நிறுவும் கலை இல்முல் கலாம் எனப்பட்டது. அல்லாஹ்வைக் காண்பது போன்ற உணர்வுடன் அவனை வணங்கும் இஹ்ஸான் என்னும் நிலையைப் பற்றியது தஸவ்வுப் ஆயிற்று. துறைகள் மூன்றாயினும் மார்க்கம் ஒன்றே. வைத்தியர் ஒருவர் கண்ணையும் மற்றொருவர் இருதயத்தையும் பார்ப்பதனால் நோயாளி இருவராகிவிடுவதில்லை அன்றோ!

பாக்தாத் முதல் நைஸாபூர் வரை

ஸூபிகளின் கூட்டத்திற்குத் தலைவரென மதிக்கப்படும் இமாம் ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 298இல், அதாவது கி.பி. 910இல் வபாத்தானார்கள். தமது வழி குர்ஆனாலும் ஸுன்னாவாலும் வரம்பிடப்பட்டது என்பதே அன்னாரின் போதனை. அவற்றைக் கல்லாதவரைப் பின்பற்றலாகாது என்று அவர்கள் தம் மாணவர்களை எச்சரித்தார்கள்.

அடுத்து, நைஸாபூர் நகரில் வாழ்ந்த இமாம் அபுல் காஸிம் அல்குஷைரி (ரஹ்) அவர்களைப் பாருங்கள். அபூ அலீ அத்தக்காக் (ரஹ்) என்னும் ஸூபி ஞானியிடம் ஆன்மிகப் பயிற்சி பெற்ற அவர்கள், இப்னு பூரக் (ரஹ்) என்னும் கலாம் அறிஞரிடம் அஷ்அரி வழியிலான அகீதாவையும் கற்றார்கள். ஹிஜ்ரி 437இல் (கி.பி. 1045) அவர்கள் எழுதிய 'அர்ரிஸாலா' என்னும் நூல் இன்றுவரை தஸவ்வுபின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். அந்நூல் தொடங்கும் விதம் கவனிக்கத்தக்கது. வழியின் பெயரால் நுழைந்துவிட்ட சீர்கேடுகளையிட்டு இமாமவர்கள் முன்னுரையில் வருந்துகின்றார்கள். அதனையடுத்து, தவ்ஹீதைப் பற்றி ஸூபிப் பெரியார்கள் கொண்டிருந்த கொள்கை எதுவென விளக்குகின்றார்கள். தவ்பா, ஸப்ர், தவக்குல் போன்ற அத்தியாயங்கள் யாவும் அதன் பின்னரே வருகின்றன.

இதே குஷைரி இமாம், ஸல்ஜூக் சுல்தான் துக்ரில் பெக்கின் காலத்தில் அஷ்அரி அறிஞர்கள் மிம்பர்களிலிருந்து சபிக்கப்பட்டபோது, தமது அகீதாவுக்காகச் சிறை சென்றவர்களுமாவர். கொள்கைக்காகச் சிறை புகுந்த ஒருவரை, கொள்கையைப் புறக்கணித்த ஸூபி என்று எவ்வாறு கூற முடியும்?

இமாம் கஸ்ஸாலியின் பயணம்

இவ்வரலாற்றின் மையத்தில் நிற்பவர்கள் ஹுஜ்ஜதுல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களாவர். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்த அன்னார், இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் கலாம் கற்று, கி.பி. 1091இல் பாக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியரானார்கள். புகழின் உச்சியில் இருந்த காலத்திலேயே, கி.பி. 1095இல், அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். தமது கல்வி அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி அவர்களை உலுக்கியது. அவ்வகத்துயரை 'அல்முன்கித் மினள் ளலால்' என்னும் நூலில் அவர்களே விவரித்துள்ளார்கள்.

அந்நூலில் அவர்கள் கூறும் உவமை எளிமையானது. நோயுற்ற வைத்தியர் ஆரோக்கியம் என்றால் என்னவென்று வரையறுத்துக் கூற வல்லவர். அதற்கான மருந்துகளையும் அறிவார். ஆயினும் அவரிடம் ஆரோக்கியம் இல்லை. அவ்வாறே பற்றின்மையின் இலக்கணத்தை அறிவது வேறு, பற்றற்றவராக வாழ்வது வேறு. ஏட்டில் உள்ள கல்வியை இருதயத்திற்குக் கொண்டு செல்லும் பயிற்சியாகவே அவர்கள் தஸவ்வுபைக் கண்டார்கள்.

இங்கு ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இமாமவர்கள் அகீதாவைக் கைவிட்டுவிட்டு தஸவ்வுபுக்குச் சென்றார்கள் என்று சிலர் கருதுகின்றனர். அன்னாரின் 'இஹ்யா உலூமித்தீன்' நாற்பது பிரிவுகளைக் கொண்டது. முதலாம் பிரிவு கல்வியைப் பற்றியது. இரண்டாம் பிரிவு 'கவாஇதுல் அகாஇத்', அதாவது கொள்கைகளின் அடிப்படைகள். சுத்தம், தொழுகை ஆகியவை பற்றிய பிரிவுகள்கூட அதற்குப் பின்னரே வருகின்றன. உள்ளத்தின் நோய்களைப் பற்றிய பிரிவுகளோ நூலின் பிற்பாதியில்தான் இடம்பெறுகின்றன. அத்திவாரம் இடப்பட்ட பின்னரே மாளிகை எழுப்பப்படுகின்றது.

அகீதாப் பாடலில் ஸூபியின் பெயர்

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. ஷாபிஈ மத்ஹபும் அஷ்அரி அகீதாவும் பரவிய நாடுகளின் மத்ரஸாக்களில் மாணவர்கள் மனனம் செய்யும் அகீதாப் பாடநூல்களுள் ஒன்று, எகிப்தியப் பேரறிஞர் இப்ராஹீம் அல்லகானி (ரஹ்) அவர்களின் 'ஜவ்ஹரதுத் தவ்ஹீத்' ஆகும். அல்லாஹ்வின் ஸிபத்துகள், நபிமார்கள், மறுமை ஆகியவற்றை விளக்கும் அந்த அரபுச் செய்யுள் நூல், சமுதாயத்தின் வழிகாட்டிகளைக் குறிப்பிடும் இடத்தில் மத்ஹபுடைய இமாம்களின் வரிசையில் ஜுனைத் (ரஹ்) அவர்களையும் சேர்த்துக் கூறுகின்றது. ஸூபி நூல் அகீதாவுடன் தொடங்குகின்றது. அகீதா நூல் ஸூபியை இமாம் என்கின்றது. இவ்வுறவே நம் முன்னோருக்கு வந்து சேர்ந்தது.

நமது கடலின் இரு கரைகள்

கரம்பொன் என்னும் இக்கிராமம் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அடுத்துள்ளது. இத்துறைமுகத்தின் பழமைக்கு நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டு சாட்சி பகர்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் அக்கல்வெட்டு, பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வரவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு மட்டுமே அரச பண்டாரத்திற்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவருக்கே. வணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி. கடல்கடந்து வந்தோரை மதித்த கரை இது.

இக்கடலின் மறுகரையில் நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்கள் உள்ளன. பண்டங்கள் சென்ற கடல்வழிகளில் கல்வியும் சென்றது. கீழக்கரையில் பதினேழாம் நூற்றாண்டில் கற்பித்த ஸதக்கதுல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் அரபுக் கவிஞர், ஆன்மிக வழிகாட்டி, மார்க்கச் சட்டத்தில் தேர்ந்த ஆலிம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பதுறுத்தீன் புலவர், ஷெய்கு அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் வரலாற்றை 'முகியித்தீன் புராணம்' என்ற பெயரில் தமிழ்க் காப்பியமாகப் பாடினார்.

இம்மரபின் முழுமையான எடுத்துக்காட்டாக, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அன்புடன் அழைக்கப்பட்ட ஸெய்யித் முஹம்மத் (ரஹ்) அவர்களைக் கூறலாம். கி.பி. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த அன்னார், கீழக்கரைத் தைக்கா ஸாஹிப் (ரஹ்) அவர்களின் மாணவரும் மருமகனும் ஆவார்கள். 'மாப்பிள்ளை' என்ற பெயர் அவ்வுறவால் வந்தது. காதிரிய்யா தரீக்காவின் ஷெய்காக விளங்கிய அவர்களின் வழி அரூஸிய்யா என அழைக்கப்படுகின்றது. இலங்கைக்குப் பலமுறை வந்து, ஊர் ஊராகச் சென்று போதித்து, பள்ளிவாசல்களும் தைக்காக்களும் அமையத் தூண்டினார்கள்.

இத்தகைய தரீக்கா ஷெய்கு பொதுமக்களுக்கென எழுதிய நூல் எது? 'பத்ஹுத் தய்யான்' என்னும் அரபுத்தமிழ் நூலாகும். ஒரு முஸ்லிம் எதை ஈமான் கொள்ள வேண்டும், எவ்வாறு தொழ வேண்டும், நோன்பு நோற்க வேண்டும் என்று அகீதாவையும் பிக்ஹையும் எடுத்துரைக்கும் நூல் அது. 1963ஆம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பில் வெளியாயிற்று. தம்மிடம் பைஅத் செய்ய வந்த மக்களுக்கும், அரபு மொழி அறியாத தாய்மார்களுக்கும், அன்னார் முதலில் கொடுக்க விரும்பியது கொள்கையும் சட்டமுமே.

பாடலின் மொழியும் பாடத்தின் மொழியும்

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒரு நியாயமான வினாவை எழுப்பலாம். ஸூபிப் பாடல்கள் சிலவற்றில் கொள்கைக்கு முரணானவை போன்று தோன்றும் சொற்கள் உள்ளனவே, அவற்றை என்ன செய்வது?

தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் பிறந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்கள், தமிழ்ச் சித்தர்களின் பாணியில், தலைவன் தலைவி உருவகத்தில் இறைக்காதலைப் பாடினார்கள். பாடல் உருவகத்தால் பேசும். அகீதா நூல் வரையறையால் பேசும். தராசில் பூவின் வாசனையை நிறுக்க முடியாது. அதற்காகப் பூவை வைத்துப் பொன்னை நிறுப்பதும் முறையாகாது. உருவகப் பாடலை நீதிமன்றத்தில் நிறுத்திப் பாடியவரைக் காபிர் என்பது ஒரு பிழை. அதே பாடலை எடுத்து இதுவே எங்கள் அகீதா என்று பாமர மக்களுக்குப் போதிப்பது மற்றொரு பிழை. முன்னைய ஆலிம்கள் இவ்விரண்டையும் தவிர்த்தார்கள்.

மறுப்பும் மரியாதையும்

அறிஞர்களிடையே கருத்து வேறுபாடே இருந்ததில்லை என்று கூறுவது உண்மையாகாது. இப்னு அரபி (ரஹ்) அவர்களுடன் இணைத்துப் பேசப்படும் 'வஹ்ததுல் வுஜூத்' கொள்கையை இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் கடுமையாக மறுத்தார்கள். ஆயினும் அதே இப்னு தைமிய்யா, ஜுனைத் (ரஹ்) அவர்களைப் போற்றினார்கள். அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் 'புதூஹுல் கைப்' நூலின் ஒரு பகுதிக்கு விரிவுரையும் எழுதினார்கள். இதனை இரு சாராரும் அறிய வேண்டும். இந்தியாவில் ஷெய்கு அஹ்மத் ஸர்ஹிந்தி (ரஹ்) அவர்கள், தாமே நக்ஷபந்தி தரீக்காவின் ஷெய்காக இருந்துகொண்டு, அக்கொள்கையை ஆராய்ந்து 'வஹ்ததுஷ் ஷுஹூத்' என்னும் விளக்கத்தை முன்வைத்தார்கள். தஸவ்வுபுக்குள் நுழைந்த மிகைகளை தஸவ்வுபின் பெரியார்களே திருத்தினார்கள் என்பதற்கு இது சான்றாகும்.

மறுப்பு எல்லை மீறினால் என்ன நேரும் என்பதற்கு சுமாத்ராவின் ஆச்சே நாடு பாடமாக உள்ளது. அங்கு 1637ஆம் ஆண்டு செல்வாக்குப் பெற்ற நூருத்தீன் அர்ரானீரி என்னும் அறிஞர், ஹம்ஸா பன்ஸூரி என்னும் ஸூபிக் கவிஞரின் வழியினரைக் காபிர்கள் எனத் தீர்ப்பளித்தார். நூல்கள் தீயிலிடப்பட்டன, மனிதர்களும் கொல்லப்பட்டனர். பின்னர் அந்நாட்டு அறிஞர் அப்துர் ரஊப் அஸ்ஸிங்கிலி (ரஹ்) அவர்கள், மதீனாவில் கற்பித்த தமது ஆசிரியர் இப்ராஹீம் அல்கூரானி (ரஹ்) அவர்களிடம் இத்தகைய விடயங்களில் விளக்கம் கேட்டார்கள். வேறு பொருள் கொள்ள இடமிருக்கும் சொற்களுக்காக ஒருவரைக் காபிராக்குவதும் கொல்வதும் ஆகாது என்பதே ஆசிரியரின் நிலைப்பாடு. அப்துர் ரஊப் அவர்களும், ஒரு முஸ்லிமைக் காபிர் என்பவன்மீதே அச்சொல் திரும்பக்கூடும் என்ற நபிமொழியின் எச்சரிக்கையை மக்களுக்கு நினைவூட்டினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'பைஸலுத் தப்ரிகா' என்னும் தனி நூலில், தக்பீர் என்னும் இத்தீர்ப்பில் அவசரப்படுவதைக் கண்டித்துள்ளார்கள்.

நம் நாட்டில் நிகழ்ந்தவை

சகோதரர்களே! ஆச்சே தொலைவில் இல்லை. காத்தான்குடியில் 2004ஆம் ஆண்டில் கொள்கைப் பிணக்கு வீடுகளைத் தாக்கும் அளவுக்குச் சென்றது. 2006ஆம் ஆண்டில் இறந்த ஒருவரின் உடல் கப்ரிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. 2009 ஜூலையில் பேருவளை, மஹகொடையில் பள்ளிவாசல் ஒன்று எரிக்கப்பட்டது, இருவர் உயிரிழந்தனர். முன்னைய சம்பவங்களில் பாதிக்கப்பட்டோர் தரீக்காவின் பெயரால் அறியப்பட்டோர். பின்னைய சம்பவத்தில் எரிந்தது தௌஹீத் சார்ந்தோரின் பள்ளிவாசல். எந்தச் சாராரும் தம் கைகள் முற்றிலும் தூய்மையானவை என்று கூற இயலாது.

2017 மார்ச்சில் காத்தான்குடியில் ஸூபி வழியினருக்கு எதிராக ஆயுதத்துடன் மோதிய குழுவின் தலைவன், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட அப்பாவி உயிர்களைப் பறித்த கொடுமைக்குத் தலைமை தாங்கினான். தன் அயலிலுள்ள முஸ்லிமைக் காபிர் என்று கூறத் துணிந்த நாவு, எங்கு போய் நின்றது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

வடபுலத்து முஸ்லிம்களாகிய நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். வீதியில் இறக்கப்பட்டபோது, ராத்திபு ஓதியவரும் ஓதாதவரும் ஒரே வரிசையில் நடந்தனர். தீவகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இன்று வாழும் நம் தொகை சிறிது. ஜனாஸாவின் சந்தூக்கைத் தூக்க நான்கு தோள்கள் வேண்டும். அத்தோள்களில் இரண்டை நாமே விலக்கிவிட்டால் மையவாடி வரை கொண்டு செல்வது எவர்?

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே! நீங்கள் தரீக்காவை நேசிப்பவர்களாயின் உங்கள் பிள்ளைக்கு முதலில் அகீதாவைக் கற்பியுங்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவ்வாறே செய்தார்கள். ஷரீஅத்தின் வரம்பைக் கடந்தவர் எவராயினும் அவர் முர்ஷித் ஆக முடியாது. தொழுகையை விட்டுவிட்டு ஞானம் பேசுபவரையும், மக்களின் பணத்தில் கண் வைப்பவரையும் ஜுனைத் (ரஹ்) அவர்களின் அளவுகோலால் அளந்து பாருங்கள். பிள்ளை ஆதாரம் கேட்டால் அதட்டாதீர்கள்; நீங்களும் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்து கூறுங்கள்.

இளைஞர்களே! நீங்கள் அகீதாவை நேசிப்பவர்களாயின் அது உங்கள் உள்ளத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். அல்லாஹ் பார்க்கின்றான் என்பது உங்கள் கொள்கை. தனிமையில் கைத்தொலைபேசியுடன் இருக்கும்போது அக்கொள்கை உங்களைத் தடுக்கின்றதா? அல்லாஹ்வே உணவளிப்பவன் என்பது உங்கள் கொள்கை. தொழில் கிடைக்கத் தாமதமாகும்போது உள்ளம் அமைதி கொள்கின்றதா? இக்கேள்விகளுக்கு விடை தேடும் பயிற்சியைத்தான் முன்னோர் தஸவ்வுப் என்றனர். அப்பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லையாயின் இஹ்ஸான் என்று அழையுங்கள். தஸ்கியா என்று அழையுங்கள். பெயருக்காகச் சண்டையிட்டுப் பொருளை இழந்துவிடாதீர்கள். தந்தையின் ஒரு செயல் தவறெனக் கண்டாலும், அவருடன் குரல் தாழ்த்திப் பேசுவது நீங்கள் கற்ற தவ்ஹீதின் கடமையே என்பதை மறவாதீர்கள்.

ஈமான் இன்றி இஹ்ஸான் நிலைபெறாது. இஹ்ஸான் இன்றி ஈமான் இனிமை பெறாது. நம் கடலின் இரு கரைகளிலும் வாழ்ந்த ஆலிம்கள் ஒரே கையால் அகீதா நூலை எழுதினார்கள். அதே கையில் தஸ்பீஹ் மணியையும் வைத்திருந்தார்கள்.

வல்ல நாயன் அல்லாஹ் நமது கொள்கையைச் சீராக்குவானாக! நமது உள்ளங்களைத் தூய்மையாக்குவானாக! நம் வீடுகளில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே அன்பை மீண்டும் இணைப்பானாக! நம் நாவுகளையும் கரங்களையும் பிற மனிதரைப் புண்படுத்துவதிலிருந்து காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.